மோட்டார் பாலிசியில் ஒரு குதிரை

இன்சூரன்ஸ் ஆபீஸில் பாலிசி விற்கிறவனுக்குப் போகிற வீட்டிலெல்லாம் காப்பி கிடைக்கும். க்ளெய்ம் பார்க்கிறவனுக்கு முறைப்புதான் கிடைக்கும். நான் இரண்டாவது ரகம். ரேஷன் கடையோ, பேங்க் கவுண்டரோ, மின்சார ஆபீஸோ, ஏதாவது ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர் வசவை வாங்கிய அன்பர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். நம் வேலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள அடிக்கடி வாய்ப்பு வராது. எனக்கு வந்தது. குதிரை வண்டியில் வந்தது.

குன்னூர் கிளையில் நான் மோட்டார் க்ளெய்ம் இன்ஸ்பெக்டராக இருந்த காலம் அது. சிலோன் தோட்டங்களிலிருந்து ஜனங்கள் கப்பலேறி, மண்டபம் கேம்ப்பில் இறங்கி, ரயிலும் பஸ்ஸும் பிடித்து மலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் தகரப் பெட்டியோடும் சுருட்டிய பாயோடும் ஒரு குடும்பமாவது தினமும் உட்கார்ந்திருக்கும். இங்கேயே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களைப் போலத்தான் அவர்களும் தமிழ் பேசினார்கள். இருந்தாலும் 'சிலோன்காரங்க' என்று ஒரே வார்த்தையில் ஊர் அவர்களைத் தனியாக நிறுத்தி வைத்திருந்தது.

குதிரைத் திறன்

ஒரு திங்கட்கிழமை காலை, ரிட்டயரான கர்னல் ஒருவரின் க்ளெய்ம் பாரம் என் மேஜைக்கு வந்தது. சிம்ஸ் பார்க்குக்குக் கீழே ஏற்றத்தில் ஓரமாக அவருடைய பியட் கார் ஆளில்லாமல் நின்றதாம். மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு ஜட்கா வண்டி பின்னால் உருண்டு வந்து காரின் முகத்தில் மோதியதாம். ஒரு ஹெட்லைட் போயிற்று, பம்பர் நெளிந்தது, கிரில் உள்ளே போனது.

பாரத்தில் 'மோதிய மற்ற வாகனத்தின் விவரம்' என்று ஒரு பகுதி உண்டு. குதிரை வண்டி என்றால் சாதாரணமாக அதை அடித்துவிடுவார்கள். கர்னல் அடிக்கவில்லை. வகை: ஜட்கா. நிறம்: வண்டி பச்சை, குதிரை செம்பழுப்பு. பதிவு எண்: கிடையாது. ஓட்டுநர்: செல்லையா. எல்லாவற்றையும் அச்சுப் போன்ற கையெழுத்தில் நிரப்பியிருந்தார்.

எங்கள் மேனேஜர் வெங்கடேசன் பாரத்தை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். கர்னலுக்கு ரிப்பேர் செலவைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டிக்காரரிடம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவது என்று முடிவு செய்தார். கம்பெனி வழக்கமாகச் செய்வதுதான். நான் ஸ்பாட்டைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் பாரத்தை என் பக்கம் திருப்பி வைத்துச் சொன்னார்: "குதிரைத் திறன்னு கேட்ட இடத்துல ஒன்றுன்னு எழுதியிருக்கார் பாரும். இதுல போய் என்னய்யா தப்புக் கண்டுபிடிக்கப் போறீர்?"

நோட்டீஸுக்கு வந்த பதில்

கர்னலின் செக் தயாராவதற்கு முன்பே நோட்டீஸ் போனது. பதிலுக்குச் செல்லையாவே வந்தார். கூடவே அவர் மனைவி முத்தம்மா. கூடவே குதிரை. வண்டி ஓடாததால் குதிரையை மட்டும் நடத்திக் கூட்டிவந்து ஆபீஸ் வாசல் கம்பத்தில் கட்டியிருந்தார்கள்.

செல்லையா சிலோனில் ஒரு தோட்டத்தில் தொரை பங்களாவின் குதிரைக்காரர். இங்கே வந்ததும் திரும்பி வந்தவர்களுக்குக் கொடுத்த வியாபாரக் கடனில் மற்றவர்கள் பெட்டிக்கடை வைத்தார்கள், ஆடு வாங்கினார்கள். அவர் ஒரு குதிரையும் பழைய ஜட்காவும் வாங்கினார். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து சிம்ஸ் பார்க்குக்கு சீசன்காரர்களை ஏற்றிப்போவது பிழைப்பு.

"உட்காருங்க" என்றேன். இருவரும் உட்காரவில்லை. செல்லையா நோட்டீஸை மேஜை மேல் வைத்து, மடிப்பைக் கையால் நீவி நேராக்கினார். கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "எங்ககிட்ட சல்லி இல்லீங்க. இருக்கிறது வாசல்ல நிக்கிற குதிரதான், வேணுமின்னா எடுத்துக்கங்க. ஆனா நாளு தவறாம தண்ணி காட்ட ஆளு வைக்கணும், கண்டவங்க கையில அது குடிக்காது."

முட்டியில் ஒரு துணி

எனக்குக் குதிரையைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வெளியே போனேன். நல்ல உருப்படி. பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். ஆனால் முன்னங்கால் முட்டி இரண்டிலும் அடி, ஒன்றில் தோல் வழன்று தெரிந்தது.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டால் அது குதிரையையும் பின்னால் இழுக்கும். குதிரை பின்னங்காலில் குந்தும், அல்லது துள்ளும். முன்முட்டி போட்டு விழாது. முன்னால் விழ வேண்டுமென்றால் பின்னாலிருந்து எதுவோ வண்டியைத் தள்ளியிருக்க வேண்டும். விழுந்த லாரி, கவிழ்ந்த ஜீப், பள்ளத்தில் தொங்கிய பஸ் என்று எத்தனையோ பார்த்து வந்த கண் எனக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "ஏனுங்க, கார் நின்னுட்டு இருந்துச்சா, வந்து இடிச்சுதா?" என்று கேட்டேன். செல்லையா தரையைப் பார்த்தார். "அதான் தொர எழுதிக் கொடுத்திருக்காருல்லங்க. அப்பிடியே வச்சுக்கங்க" என்றார். சற்று முன்னால் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசிய அதே ஆள்.

இன்னொரு முட்டியில் கட்டுப் போட்டிருந்தது. மெல்லிய, ஊதா நிறப் பட்டுத் துணி. ஓரத்தில் பூ வேலை. இது யாருடையது என்று கேட்டதற்கு, "நம்ம வீட்டுத் துணிதாங்க" என்றார் செல்லையா. அதுவரை வாயே திறக்காத முத்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நம்ம வீட்டுல இப்பிடி ஒரு துணி இருந்திருந்தா நான் கட்டியிருக்க மாட்டேனாக்கும்? குதிரைக்குக் கட்டுறதுக்கா விட்டிருப்பேன்?"

பங்களாவில் டீ

சிம்ஸ் பார்க் ஏற்றத்துக்கு நடந்து போனேன். ஹெட்லைட் கண்ணாடிச் சில்லுகள் இன்னும் கிடந்தன. ஆனால் ஓரத்தில் இல்லை. ரோட்டின் நடுவே, யாரும் கார் நிறுத்தாத இடத்தில். அங்கிருந்து நேராகக் கர்னல் பங்களா. அவர் தோட்டத்தில் ரோஜாச் செடிகளை அணிவகுப்புக்கு நிறுத்தியது போல வரிசையாக வைத்திருந்தார்.

"நான் எழுதிக் கொடுத்தது போதாதா?" என்றார். குரல் உயரவில்லை. பட்டாளத்துக்காரர் குரலை உயர்த்தாமல் கேட்டால் அது இன்னும் பயம்.

பையிலிருந்த பாரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "போதுங்க சார். ஆனா குதிரை வேற மாதிரி சொல்லுது" என்றேன்.

அவருடைய மீசை ஒரு பக்கம் ஏறியது. "என்னைப் பொய்யன் என்கிறீரா?" என்று அவர் எழுந்தபோது, உள்ளேயிருந்து டீ தட்டோடு அவர் மனைவி சரோஜினி அம்மா வந்தார். நான் சொன்னதில் குதிரை என்ற வார்த்தை மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கும் போலிருக்கிறது. தட்டை வைக்கக்கூட மறந்து, ஆவலோடு என்னைக் கேட்டார்: "குதிரையைப் பார்த்தீங்களா? முட்டி எப்படி இருக்கு? நான் கட்டின ஸ்கார்ஃப் நிக்குதா, அவிழ்ந்து போச்சா?"

எல் போர்டு

கர்னல் உட்கார்ந்துவிட்டார். நானும் டீயை எடுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

நடந்ததைச் சரோஜினி அம்மாவே சொன்னார். அவர் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கர்னல். ஏற்றத்தில் முன்னால் போன ஜட்கா ஆள் இறக்க நின்றது. சக்கரத்துக்குச் செல்லையா கல்கூட வைத்துவிட்டார். அம்மா பிரேக் என்று நினைத்து அழுத்தியது ஆக்சிலேட்டர். மோதிய பிறகு செல்லையா இவரைத் திட்ட வரவில்லை. ஓடிப்போய் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டு அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாராம். அம்மா இறங்கிப்போய்த் தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்து அதன் முட்டியில் கட்டினார். செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பியும் வைத்தார். வீட்டுக்கு வந்து பாரத்தில் கர்னல் என்ன எழுதினார் என்பது அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லித்தான் தெரிந்தது. குதிரைக்குக் கட்டுப் போட்ட கையைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்தான் செல்லையா தரையைப் பார்த்தார் என்று எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

"கிளப்பில் இவளைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள்" என்றார் கர்னல், ரோஜாச் செடியைப் பார்த்தபடி. "முதல் டெஸ்ட்டிலேயே லைசென்ஸ் வாங்குவாள் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்."

பழகுநர் லைசென்ஸ் இருக்கிறது, எல் போர்டு மாட்டியிருந்தது, பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆள் இருந்தார். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாலும் பாலிசியில் இதே பணம்தான் வந்திருக்கும் என்று விளக்கினேன். அதோடு செல்லையாவின் வண்டிக்கும் குதிரைக்கும் ஆன சேதம் அதே பாலிசியில் தேர்டு பார்ட்டி கணக்கில் வரும் என்றும் சொன்னேன். கர்னல் ரோஜாச் செடியை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு, "அப்படியானால் நான் தேவையே இல்லாமல் பொய் சொல்லியிருக்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு எழுந்து நின்றார், தண்டனையை நின்றுகொண்டே வாங்கிக்கொள்கிறவர் போல. புதிய பாரத்தை நான் அவர் பக்கம் நீட்டினேன். நடுவில் வேறு ஒரு கை வந்தது. "ஓட்டினவ நான். எழுதுறதும் நானே எழுதுறேன், இங்க குடுங்க."

மேட்டுப்பாளையத்து வியாபாரி

இதெல்லாம் ஒரு பக்கம் நடக்க, செல்லையாவின் வண்டி உடைந்து கிடந்தது. முத்தம்மா தினக்கூலிக்கு அரவேணு பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனார். செல்லையா காலையும் மாலையும் குதிரையை மாட்டாஸ்பத்திரிக்கு நடத்திப் போனார். ஜெகதளாவுக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு நான் டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கப் போனபோது, வாசலில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு குதிரை வியாபாரி உட்கார்ந்திருந்தார். தொழில் மூக்கு அவருக்கும் உண்டு. அடிபட்ட குதிரை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு வந்துவிட்டார்.

"ஏனுங்க, நொண்டுற குதிரைக்கு இதுக்கு மேல எவனுங்க குடுப்பான்? கடனாச்சும் தீருமில்லீங்க?" என்று அவர் செல்லையாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் செல்லையாவின் கண் கேட்டது. பணம் நிச்சயமாக வரும் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஃபைல் கோயமுத்தூர் மேலாபீஸுக்குப் போயிருந்தது. அங்கே என்ன சொல்வார்களோ தெரியாது. ஆனாலும் சொன்னேன்: "விக்காதீங்க. என் ரிப்போர்ட்டு நிக்கும்."

வியாபாரி என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். இன்சூரன்ஸ்காரன் வாக்கை நம்பி எவன் குதிரையை வைத்துக்கொள்வான் என்ற சிரிப்பு. அப்போது கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முத்தம்மா வந்தார். வியாபாரியின் முன்னால் நின்று நிதானமாகச் சொன்னார்: "ஒரு தடவ அம்புட்டையும் கெடச்ச வெலைக்கு வித்துப்புட்டுக் கப்பல் ஏறினோம். இன்னொரு தடவ விக்க மாட்டோம். சொணங்காம போங்க, பஸ்ஸு போயிரும்."

தேய்மானம்

கோயமுத்தூரிலிருந்து பதில் வந்தது. மோட்டார் டிபார்ட்மெண்டில் யாரும் இதற்கு முன்னால் குதிரைக்கு ஃபைல் அனுப்பியதில்லை போலிருக்கிறது. டயருக்கும் பாட்டரிக்கும் கேட்கிற கேள்விகளையே குதிரைக்கும் கேட்டிருந்தார்கள். வாங்கிய ஆண்டு எது? எவ்வளவு பழையது? தேய்மானம் கழிக்கப்பட்டதா?

வெங்கடேசன் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். முதலில் பொய் எழுதிக் கொடுத்த கர்னலுக்கே ஏன் பணம் தர வேண்டும் என்று ஏற்கெனவே என்னோடு சண்டை போட்டவர். ஒரு பைசா கை மாறுவதற்கு முன்னால் அவர்களாகவே திருத்திக் கொடுத்துவிட்டார்கள், அதையும் ரிப்போர்ட்டில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன் என்று அவரைச் சமாதானப்படுத்தியிருந்தேன். இப்போது குதிரைக்குத் தேய்மானம்! "ஒரு தொகையைக் கழிச்சு அனுப்பிடுமய்யா, வம்பு வேண்டாம்" என்றார்.

நான் கழிக்கவில்லை. உட்கார்ந்து பதில் எழுதினேன். 'மலை ஏற்றத்தில் பழகப் பழக வண்டிக் குதிரையின் பயன் கூடுமே தவிரக் குறையாது. குன்னூர் ரோட்டில் பழகிய குதிரைக்குச் சமவெளியிலிருந்து வரும் புதிய குதிரை ஈடாகாது. எனவே தேய்மானம் பொருந்தாது.' டாக்டர் சர்ட்டிபிகேட்டையும், தச்சர் கொடுத்த எஸ்டிமேட்டையும், சரோஜினி அம்மாவின் வாக்குமூலத்தையும் மறுபடி இணைத்தேன். வெங்கடேசன் சார் இரண்டு தடவை படித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டிச் சொன்னார்: "குதிரைக்குத் தேய்மானம் இல்லைய்யா. உம்மோட வேலை பார்க்கிற எனக்குத்தான்."

மைப் பெட்டி

கோயமுத்தூர் ஒப்புக்கொண்டது. செக் வந்தது. செல்லையா வேட்டி சட்டை துவைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். முத்தம்மா தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருந்தார். இந்த முறை குதிரையைக் கூட்டி வரவில்லை, அதற்கு ஓய்வாம்.

ஆபீஸில் எல்லோரும் எழுந்து வந்து நின்றார்கள். வெங்கடேசன் சாரே தன் கையால் கொடுக்க வேண்டும் என்று வெளியே வந்தார். ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டிவிட்டு, தோட்டத்து ஆள்தானே என்று மைப் பெட்டியைத் திறந்து செல்லையாவின் பெருவிரல் பக்கம் தள்ளினார். அவர் மனதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பழக்கம்.

செல்லையா அந்தப் பெட்டியைப் பார்த்தார். பிறகு என் பாக்கெட்டிலிருந்த பேனாவைக் கைகாட்டிக் கேட்டு வாங்கி, ஸ்டாம்பின் மேல் குறுக்கே, வீராசாமி செல்லையா என்று முழுப் பெயரையும் எழுதினார். கர்னல் கையெழுத்துக்குக் கொஞ்சமும் குறையாத கையெழுத்து. பேனாவை மூடி என்னிடம் தந்தார். பிறகு மேனேஜரைப் பார்த்து, மரியாதை சிறிதும் குறையாமல், சொன்னார்: "பெட்டிய மூடி வச்சிருங்க ஐயா. மை காஞ்சு போயிரும்."

குரங்கு

நல்ல காரியம் செய்தால் பின்னாலேயே தொல்லையும் வரும் என்பது நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். 'அந்த ஆபீஸ்ல குதிரைக்கெல்லாம் பணம் தர்றாங்க' என்று பஜார் முழுக்கப் பேச்சு. ஒருவர் தன் ஸ்கூட்டர் சீட்டை மாடு நக்கியது என்று வந்தார். இன்னொருவர் கோவையிலிருந்து சீசனுக்கு வந்த ஜவுளிக்கடைக்காரர். சிம்ஸ் பார்க் வாசலில் கார் நிறுத்தியிருந்தபோது குரங்கு வைப்பரை முறித்து எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. முறிந்த மீதியைக் கையில் பிடித்தபடி நேரே என் மேஜைக்கு வந்துவிட்டார்.

குதிரை செல்லையாவுடைய சொத்து, காருடைய தப்பால் அதற்குச் சேதம் வந்தது, அதனால் கம்பெனி கொடுத்தது. குரங்கு விஷயம் அப்படியல்ல, உங்கள் பாலிசியோ வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்று பொறுமையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நான் முடித்ததும் மிகுந்த மனவருத்தத்தோடு சொன்னார்: "குதிரைன்னா ஒரு நியாயம், கொரங்குன்னா ஒரு நியாயமுங்களா? இதெல்லாம் நல்லாவே இல்லைங்க."

ஏற்றத்தில் ஒரு நாள்

அடுத்த சீசனில் ஒரு நாள் சிம்ஸ் பார்க் ஏற்றத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தேன். செல்லையாவின் ஜட்கா ஆள் இறக்க நின்றிருந்தது. புதுப் பச்சை வர்ணம், புதுச் சக்கரம். குதிரையின் முட்டியில் முடி முளைத்துத் தழும்பு தெரியாமல் மூடியிருந்தது. கீழேயிருந்து பியட் கார் வந்தது. எல் போர்டு இல்லை. சரோஜினி அம்மா தனியாக ஓட்டி வந்தார். வண்டிக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு, ஏற்றத்திலேயே, ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் நிறுத்தினார். எனக்குத் தெரிந்த பழைய டிரைவர்கள் பலருக்கு வராத வித்தை அது. ஹாரன் அடிக்கவில்லை. வண்டியிலிருந்து ஆட்கள் இறங்கி முடியும்வரை காத்திருந்து, பக்கத்தில் வந்து ஜன்னல் வழியாகச் செல்லையாவிடம் ஒரு காரட்டை நீட்டிவிட்டு, ஒதுங்கிப் போனார். முதல் டெஸ்ட்டிலேயே தேறிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. கர்னல் கிளப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். குதிரையை இடித்த கதையையும் சேர்த்தே சொன்னாராம்.

"இப்போ பின்னால கார் வந்தா குதிரை மிரளுதுங்களா?" என்று செல்லையாவிடம் கேட்டேன். அவர் காரட்டைக் குதிரைக்குக் கொடுத்துக்கொண்டே, போகிற காரைப் பார்த்துச் சிரித்தார். சொந்தப் பிள்ளை பரீட்சையில் தேறியது போல ஒரு சிரிப்பு. "அந்தக் கார மட்டும் பாத்தா மிரளாதுங்க. அந்தம்மாவுக்கு ஓட்டக் கத்துக் குடுத்ததுல இதுக்கும் பங்கு இருக்குல்லங்க, அது இதுக்கும் விளங்குது."

ரிட்டயரான பிறகு யாராவது 'இன்சூரன்ஸ்ல என்ன சார் சாதிச்சீங்க?' என்று கேட்டால், வாங்கிய பிரமோஷன்களையெல்லாம் விட்டுவிட்டு, மோட்டார் பாலிசியில் ஒரு குதிரையின் முட்டிக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் வாங்கிக் கொடுத்தவன் என்றுதான் பெருமையாகச் சொல்கிறேன், கேட்டவர்களும் உடனே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறார்கள்.